முகக்கவசத்துக்குப் பின்னால் இருந்த மனம்

கொவிட்-19 தொற்று தொடர்பான சர்வதேச அவசரநிலை முடிவுக்கு வந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5ஆம் திகதி அறிவித்தது. அதற்கு முன்னரே இலங்கையர்களாகிய நாம் அந்த நோயை மறக்கத் தொடங்கிவிட்டோம். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியும் எரிபொருள் வரிசைகளும் மக்கள் கிளர்ச்சியும் எல்லாவற்றையும் பின்தள்ளிவிட்டன. இந்த நாட்டில் 16 ஆயிரத்துக்கும் அதிகமானோரைப் பலிகொண்ட ஒரு தொற்றுநோயைப் பற்றி நிதானமாக உட்கார்ந்து சிந்திப்பதற்கு எமக்கு அவகாசம் கிடைக்கவில்லை.

முடக்கநிலை அறிவிப்பில் ஏற்பட்ட தாமதங்கள் பற்றியும் தடுப்பூசி வழங்கலில் காணப்பட்ட குளறுபடிகள் பற்றியும் ஓரளவுக்கேனும் பேசப்பட்டது. ஆனால், ஒரு கேள்வியை நாம் கேட்கவே இல்லை. ஒரே வானொலியில், ஒரே மொழியில், ஒரே அறிவித்தலைக் கேட்ட மக்களில் ஒருவர் முகக்கவசம் அணிந்தார், மற்றவர் அணியவில்லை. ஒருவர் காய்ச்சல் வந்ததும் பரிசோதனைக்குச் சென்றார், மற்றவர் மறைத்தார். ஏன்? இந்தக் கேள்விக்கு அன்று எம்மிடம் தயாராக இருந்த பதில் 'பொறுப்பின்மை' என்ற ஒரு சொல் மாத்திரமே. பத்தி எழுத்தாளன் என்ற முறையில் நானும் அந்தப் பதிலைத்தான் எழுதினேன். அது தவறு என்பதை மிகவும் தாமதமாகவே விளங்கிக்கொண்டேன். அதைத் திருத்துவதற்காகவே இதை எழுதுகிறேன்.

எனக்கு ஒரு நண்பர் இருந்தார். எண்பதுகளில் பத்திரிகை அலுவலகத்தில் இரவுப் பணியில் ஒன்றாக இருந்தோம். அவர் ஒப்புநோக்காளர். ஒரு காற்புள்ளி இடம் மாறியிருந்தால்கூட அச்சுக்குப் போகவிடாத மனிதர். தன் வாழ்க்கையையும் அவ்வாறே ஒழுங்காக வைத்திருந்தவர். 2019ஆம் ஆண்டில் மனைவி காலமான பின்னர் கொழும்பில் ஒரு சிறிய வீட்டில் தனியாக வாழ்ந்தார். மகள் கனடாவில். 2020 மார்ச் 20ஆம் திகதி நாடளாவிய ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டபோது, தினமும் மாலையில் எனக்குத் தொலைபேசி எடுத்து, தான் எத்தனை தடவை கை கழுவினார் என்பதைக்கூடச் சொல்வார். சில வாரங்களில் அந்த அழைப்புகள் குறைந்தன. பிறகு நின்றுவிட்டன.

அந்த வருடம் டிசம்பரில் காலி வீதியில் அவரைக் கண்டேன். முகக்கவசம் நாடிக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. சவரம் செய்யாத முகம். "ஐசே, அதை ஒழுங்காப் போடும்" என்றேன். "போட்டு? ஆருக்காக ஐசே?" என்று கேட்டார். அதில் கோபமோ கிண்டலோ இருக்கவில்லை. உண்மையாகவே பதில் தெரியாமல்தான் கேட்டார். நான் அவருக்கு வீதியோரத்தில் நின்று ஒரு பிரசங்கம் செய்தேன். அந்த வாரம் எழுதிய பத்தியில், படித்தவர்களே பொறுப்பில்லாமல் நடந்துகொண்டால் பாமரர்களை எவ்வாறு குறை சொல்வது என்று எழுதினேன். அவரை மனதில் வைத்தே எழுதினேன்.

2021ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் அவரது வீட்டிலிருந்து நடந்துபோகக்கூடிய தூரத்தில் தடுப்பூசி போட்டார்கள். அவர் போகவில்லை. ஓகஸ்ட் மாத இறுதியில், நாட்டில் நாளொன்றுக்கு 200க்கும் அதிகமான மரணங்கள் பதிவாகிய நாட்களில், அவரும் அந்த எண்ணிக்கைகளில் ஒன்றானார். காய்ச்சல் வந்து ஐந்து நாட்களாக யாருக்கும் சொல்லாமல் படுத்திருந்தார் என்று அயலவர்கள் கூறினார்கள்.

சில மாதங்களுக்குப் பின்னர் வீட்டை ஒழுங்குபடுத்துவதற்காக வந்த அவரது மகள் என்னை அழைத்தார். மேசை லாச்சியில் ஒரு கிளினிக் கொப்பி இருந்தது. மனைவியின் மறைவுக்குப் பின்னர் அவர் மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெற்றுவந்திருக்கிறார். இத்தனை வருட நட்பில் எனக்கு அதைச் சொல்லவில்லை. கொப்பியில் கடைசியாக எழுதப்பட்டிருந்த திகதி 2020 மார்ச் மாதத்தின் முதல் வாரம். ஊரடங்குடன் கிளினிக் தடைப்பட்டது, மாத்திரைகள் முடிந்தன, அவர் திரும்பிப் போகவில்லை.

"அங்கிள், அப்பா ஏன் ஊசி போடேல்லை?" என்று மகள் கேட்டார். எனது பத்தியில் இருந்த பதிலை அந்தப் பிள்ளையிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மனச்சோர்வு என்பதை நாம் வெறும் கவலை என்று நினைத்துக்கொள்கிறோம். அது நாளை என்ற ஒன்றின் மீதான அக்கறையை மனிதனிடமிருந்து பறித்துவிடும் நோய். தற்பாதுகாப்பு நடவடிக்கைகள் எல்லாமே நாளையை நோக்கியவை. இன்று முகக்கவசம் அணிவது பத்து நாட்களுக்குப் பின்னர் நோயாளியாகாமல் இருப்பதற்காக. நாளை வேண்டாம் என்று உள்ளூர நினைப்பவருக்கு அந்தத் துணித்துண்டினால் என்ன பயன்? அதற்கும் மேலாக, மனச்சோர்வு எழுந்து செயற்படும் சக்தியையே உறிஞ்சிவிடும். 2020 ஏப்ரலில் கிளினிக் நோயாளர்களுக்குத் தபால் மூலம் மருந்துகளை அனுப்பும் ஏற்பாட்டைச் சுகாதாரத் துறையினரும் தபால் திணைக்களமும் செய்தன. பாராட்டப்படவேண்டிய ஏற்பாடுதான். ஆனால், அதற்கு நோயாளி தானாகத் தொடர்புகொள்ளவேண்டியிருந்தது. நீரிழிவு நோயாளி அதைச் செய்வார். தொலைபேசியை எடுப்பதே மலையைத் தூக்குவதாக இருக்கும் மனச்சோர்வு நோயாளி அதை எவ்வாறு செய்வார்?

இதற்கு நேர்மாறான மனநிலையும் இருந்தது. அச்சம். அச்சம் முழுவதும் கெட்டதல்ல. தொற்றின் ஆரம்ப மாதங்களில் வெளியான ஆய்வுகள் சில, நோய் குறித்து அஞ்சியவர்களே கூடுதலாகக் கை கழுவினார்கள், கூடுதலாக விலகியிருந்தார்கள் என்று காட்டின. ஆனால், அச்சத்துக்கு ஓர் எல்லை உண்டு. அமெரிக்க ஆய்வாளர் கிம் விட்டே 1992ஆம் ஆண்டில் முன்வைத்த ஒரு கோட்பாடு இதை நன்றாக விளக்குகிறது. ஆபத்து பெரியது என்று உணர்கின்ற மனிதன், அதைத் தடுக்கத் தன்னால் முடியும் என்றும் நம்பினால் ஆபத்தைக் கட்டுப்படுத்த முயற்சி செய்கிறான். தன்னால் எதுவும் முடியாது என்று நினைத்தால் ஆபத்தை விட்டுவிட்டுத் தனது அச்சத்தைக் கட்டுப்படுத்தவே முயற்சி செய்கிறான். நோயே இல்லை என்று மறுப்பதும், கேட்க மறுப்பதும், அற்புத மருந்தைத் தேடி ஓடுவதும் அதற்கான வழிகள்.

2020 டிசம்பரில் கேகாலையில் நாம் கண்டது இதைத்தான். காளி அம்மன் அருளால் கிடைத்த சூத்திரம் என்று கூறப்பட்ட ஒரு பாணி மருந்தைப் பெறுவதற்காக ஆயிரக்கணக்கானோர் ஒருவரோடொருவர் நெருங்கியடித்து வரிசையில் நின்றார்கள். தொற்றிலிருந்து தப்புவதற்காகத் தொற்றுக்குள்ளேயே போய் நின்றார்கள். அவர்களை மூடர்கள் என்று சிரித்துவிட்டுப் போனோம். மாதக்கணக்கில் இறப்பு எண்ணிக்கையையும் புதிய கொத்தணிகளையும் மாத்திரமே கேட்டுக்கொண்டிருந்த, நிச்சயமான ஒரு சொல்லைக் கேட்பதற்கு ஏங்கிய மனங்கள் அவை. அத்தகைய சொல்லை விஞ்ஞானத்தால் அன்று கொடுக்கமுடியவில்லை. அரசியல்வாதிகளோ அறிவியலின் பக்கம் உறுதியாக நிற்பதற்குப் பதிலாக அத்தகைய மருந்துகளுக்குத் தாங்களே விளம்பரம் தேடிக்கொடுத்தார்கள்.

அச்சத்துக்கு வெளியேறும் வழியே இல்லாதபோது என்ன நடக்கும் என்பதற்கு 2020 நவம்பர் 29ஆம் திகதி மஹர சிறைச்சாலையில் நடந்தது சாட்சி. இடநெருக்கடி மிகுந்த சிறையில் தொற்று பரவிக்கொண்டிருந்தது. கைதிகளால் இடைவெளி பேணவும் முடியாது, வெளியே போகவும் முடியாது. பரிசோதனை செய்யுமாறும் விடுவிக்குமாறும் கோரி ஆரம்பித்த அமைதியின்மை வன்முறையாகி 11 பேர் உயிரிழந்தனர். கைதிகள் மனநோய்க்கான மாத்திரைகளை விழுங்கியதே வன்முறைக்குக் காரணம் என்று அரசாங்கத் தரப்பில் விளக்கம் கூறப்பட்டது. துப்பாக்கிச் சூட்டினால் மரணங்கள் நேர்ந்தமை பின்னர் பிரேத பரிசோதனைகளில் தெரியவந்தது. இந்த நாட்டில் மனநலம் பற்றி ஆட்சியாளர்கள் பேசிய அபூர்வமான சந்தர்ப்பங்களில் ஒன்று, அதைப் பழியைப் போடுவதற்கான சாட்டாகப் பயன்படுத்திய சந்தர்ப்பமாக அமைந்தது.

மூன்றாவது வகையினர் மறைத்தவர்கள். இவர்களைப் பற்றியே அன்று அதிகம் ஏசினோம். இலங்கையில் தொற்றுத் தடுப்பின் முகமாக இராணுவத்தினரே முன்னிறுத்தப்பட்டார்கள். தேசிய செயற்பாட்டு நிலையத்துக்கு இராணுவத் தளபதியே தலைமை வகித்தார். 2020 மார்ச்சில் கந்தக்காட்டிலும் புணானையிலும் தொடங்கி, தனிமைப்படுத்தல் நிலையங்களும் படையினரின் பொறுப்பிலேயே இருந்தன. அங்கு தங்கியிருந்த பலர் தாங்கள் நன்றாகக் கவனிக்கப்பட்டதாகவே கூறினார்கள்; அதை நான் மறுக்கவில்லை. ஆனால், ஊரடங்கை மீறியதற்காக முதல் இரண்டு மாதங்களிலேயே 60 ஆயிரத்துக்கும் அதிகமானோர் கைதுசெய்யப்பட்ட ஒரு நாட்டில், நோயாளி என்பதற்கும் குற்றவாளி என்பதற்கும் இடையிலான வித்தியாசம் மக்கள் மனதில் மங்கிப்போனது.

வடக்கில் அதற்கு இன்னுமொரு பரிமாணம் இருந்தது. சீருடையினர் வாகனத்துடன் வீட்டுக்கு வருவது, பெயர் பதிவது, குடும்பத்தில் ஒருவரை ஏற்றிச்செல்வது, திரும்பி வரும் திகதி தெரியாமல் காத்திருப்பது என்பவை கொழும்பில் ஒரு சுகாதார நடவடிக்கை. வன்னியில் ஒரு தாய்க்கு அது வேறொரு நினைவு. 2009ஆம் ஆண்டில் அவ்வாறு ஏற்றிச்செல்லப்பட்ட தன் பிள்ளையை இன்றுவரை தேடிக்கொண்டிருப்பவரிடம், "காய்ச்சல் என்றால் உடனே அறிவியுங்கள்" என்று ஒலிபெருக்கியில் சொன்னால் அவர் மனம் என்ன செய்யும்? யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உளமருத்துவத் துறைப் பேராசிரியராகப் பணியாற்றிய தயா சோமசுந்தரம், போர் தனிமனிதரை மாத்திரமன்றிச் சமூகத்தையும் வடுப்படுத்துகிறது என்று நீண்டகாலமாக எழுதிவந்திருக்கிறார். நம்பிக்கையின்மை, சந்தேகம், மௌனம், செயலற்றிருத்தல் ஆகியவை அந்தக் கூட்டு மனவடுவின் அடையாளங்கள் என்பது அவர் கருத்து. தொற்றுநோய்த் தடுப்புக்குத் தேவைப்படுபவை இவற்றுக்கு நேரெதிரானவை. அதிகாரியை நம்பவேண்டும், அயலவரிடம் சொல்லவேண்டும், வாய் திறக்கவேண்டும், உடனே செயற்படவேண்டும்.

அதே சமூகத்தில் இன்னொரு மனப்பாங்கும் இருந்தது. "ஷெல்லடிக்குள்ளால வந்த எங்களுக்கு இந்தக் கிருமி என்ன செய்யும்?" என்று கிளிநொச்சியில் ஒருவர் என்னிடம் சிரித்துக்கொண்டே கூறினார். அது வீரம் அல்ல. அளவுக்கு மீறிய ஆபத்தை நீண்டகாலம் பார்த்த மனம், புதிய ஆபத்துக்கான எச்சரிக்கை மணியை அடிக்க மறந்துவிடுகிறது. அவரை நான் குறை கூறமாட்டேன்.

முஸ்லிம் மக்களின் அனுபவத்தைச் சொல்லாமல் இந்த விடயத்தைக் கடந்துபோக முடியாது. கொவிட்டினால் இறப்பவர்களின் உடல்கள் கட்டாயமாகத் தகனம் செய்யப்படவேண்டும் என்று 2020 ஏப்ரல் 11ஆம் திகதி வர்த்தமானி அறிவித்தல் வெளியிடப்பட்டது. அடக்கம் செய்வதையும் உலக சுகாதார நிறுவனம் அனுமதித்திருந்த நிலையிலேயே இது செய்யப்பட்டது. பிறந்து 20 நாட்களேயான சிசுவின் உடலும் அந்த வருட இறுதியில் எரிக்கப்பட்டது. ஜனாசாவை மார்க்கப்படி அடக்கமுடியாது என்ற பீதி ஒரு சமூகத்தின் தலைக்கு மேல் தொங்கியபோது, வயோதிபத் தந்தைக்கு மூச்சுத்திணறல் வந்தால் பிள்ளைகள் வைத்தியசாலைக்கு ஓடுவார்களா, கதவை மூடிக்கொள்வார்களா? அந்த மாதங்களில் கொழும்பில் வீட்டிலேயே இறந்தவர்களுக்குப் பின்னர் தொற்று உறுதிசெய்யப்பட்டதாக அடிக்கடி செய்திகள் வந்தன. அவர்களில் எல்லாச் சமூகத்தவரும் இருந்தனர். எத்தனை பேரின் தாமதத்துக்கு அச்சம் காரணமாக இருந்தது என்பதை யாரும் கணக்கிடவில்லை. அந்த உத்தரவு 2021 பெப்ரவரி இறுதியில்தான் மாற்றப்பட்டது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. மன்னிப்பு நல்லதுதான். மனங்களில் விதைக்கப்பட்ட அவநம்பிக்கை மன்னிப்புடன் போய்விடுமா என்பது அடுத்த தொற்றுநோயின்போதே தெரியவரும்.

பத்திரிகையாளர்களான எங்கள் பங்கையும் சொல்லவேண்டும். 'கொரோனா நோயாளி தப்பியோட்டம்', 'பொலிஸார் வலைவீச்சு' என்று தலைப்புகள் போட்டோம். திருடனைப் பற்றி எழுதும் மொழியில் நோயாளியைப் பற்றி எழுதினோம். மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலைக் கொத்தணி 2020 ஒக்டோபரில் கண்டறியப்பட்டபோது, அங்கு வேலை செய்த பெண்களை நோயைப் பரப்பியவர்களாகவே பல செய்திகள் சித்திரித்தன. அத்தகைய செய்தியை வாசித்த ஒரு பெண், அடுத்த நாள் தனக்குத் தொண்டை நோகிறது என்பதை யாரிடம் சொல்வாள்? நாம் எழுதிய ஒவ்வொரு தலைப்பும் யாரோ ஒருவரின் வாயை அடைத்திருக்கக்கூடும்.

இதை வாசிக்கும் சிலர், விதி எல்லோருக்கும் பொதுவானதல்லவா, வைரஸ் மனநிலையை விசாரித்துவிட்டா வருகிறது, இவ்வாறு காரணம் தேடிக்கொண்டிருந்தால் யார்தான் கட்டுப்படுவார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. விதிகளை மீறியவர்கள் எல்லோரும் மனநலம் குன்றியவர்கள் என்று நான் கூறவில்லை. மன உறுதியும் வசதியும் நிறைந்த எத்தனையோ பேர் விருந்து வைத்தார்கள். அன்றாடம் உழைத்தால்தான் அடுப்பெரியும் என்ற நிலையில் இருந்தவர்கள் பசியினால் வெளியே வந்தார்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டது ஆலோசனை அல்ல, அரிசி. மனநோய்க்குச் சிகிச்சை பெறுபவர்களிலும் பலர் மற்றவர்களை விடவும் கவனமாக நடந்துகொண்டார்கள். நான் கூறுவது இவ்வளவுதான்: காரணத்தை அறியாமல் கொடுக்கும் மருந்து வேலைசெய்யாது. 'யாருக்காக' என்று கேட்பவரை மேலும் பயமுறுத்துவதில் பலனில்லை. ஏற்கெனவே பீதியில் உறைந்தவருக்கு மரண எண்ணிக்கையை வாசிப்பதில் பலனில்லை. சீருடையைக் கண்டு ஒளிபவரிடம் இன்னும் அதிகமாகச் சீருடைகளை அனுப்புவதில் பலனில்லை.

உலகம் இதை ஓரளவு உணர்ந்துகொண்டது. தொற்றின் முதலாவது வருடத்தில் பதற்ற நோயும் மனச்சோர்வும் உலகளவில் 25 சதவீதத்தினால் அதிகரித்ததாக உலக சுகாதார நிறுவனம் 2022 மார்ச்சில் தெரிவித்தது. பிரிட்டன் தீவிர மனநோயுடையவர்களைத் தடுப்பூசிக்கான முன்னுரிமைப் பட்டியலில் சேர்த்தது. கொவிட் கடுமையாகத் தாக்கக்கூடிய நோய்நிலைகளின் பட்டியலில் மனச்சோர்வையும் உளச்சிதைவு நோயையும் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் 2021 ஒக்டோபரில் உள்ளடக்கியது. இலங்கையிலோ 1873ஆம் ஆண்டில் பிரித்தானியர் இயற்றிய மனநோய்க் கட்டளைச் சட்டமே கொவிட் காலத்திலும் நடைமுறையில் இருந்தது. நோயாளியைப் பராமரிப்பதை விடவும் அடைத்துவைப்பதைப் பற்றிச் சிந்தித்த ஒரு யுகத்தின் சட்டம் அது.

அடுத்த தொற்றுநோய் வரும் என்பதில் விஞ்ஞானிகளுக்குச் சந்தேகமில்லை. அதற்கு முன்னர் செய்யக்கூடியவை பெரும் செலவு பிடிப்பவை அல்ல. மனநல கிளினிக்குகள் முடக்கத்தின்போது மூடப்படக்கூடாத அத்தியாவசிய சேவையாகக் கருதப்படவேண்டும். வராத நோயாளியை, வரவில்லை என்று கொப்பியில் குறிப்பதோடு நிற்காமல், யாராவது தேடிப்போகவேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களுக்கும் குடும்பநல உத்தியோகத்தர்களுக்கும் மனச்சோர்வின் அறிகுறிகளை அடையாளம் காணும் பயிற்சி வேண்டும்; கதவைத் தட்டும் கை அவர்களுடையதாகவே இருக்கவேண்டும், படையினருடையதாக அல்ல. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தைப் போன்ற சேவைகள், எந்த நேரத்தில் அழைத்தாலும் தமிழில் பதில் கிடைக்கும் நிலையில் இருக்கவேண்டும். இறந்தவர்களை எண்ணிச் சொல்லும் அறிக்கையில், இன்று உங்களால் செய்யக்கூடியது என்ன, அதனால் எத்தனை பேர் தப்பியிருக்கிறார்கள் என்பதும் சொல்லப்படவேண்டும்.

இவை அரசாங்கம் செய்யவேண்டியவை. நாம் செய்யக்கூடியது இன்னும் எளிமையானது. தினமும் அழைத்துக்கொண்டிருந்த ஒருவரின் அழைப்பு நின்றுபோனால் நாம் அழைக்கவேண்டும். எனது நண்பரின் அழைப்புகள் நின்றபோது, அவருக்குச் சலித்துவிட்டது போலும் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கும் அது வசதியாகவே இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். காலி வீதியில் அவர் கேட்ட கேள்விக்கு நான் வைரஸைப் பற்றிப் பதில் கூறினேன். அவர் வைரஸைப் பற்றிக் கேட்கவில்லை. "எனக்காகப் போடும் ஐசே, பின்னேரம் வீட்டுக்கு வாறன்" என்று சொல்லியிருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று நான் கூறவரவில்லை. ஆனால், அவருடைய கேள்விக்கு அது ஒரு பதிலாக இருந்திருக்கும்.